லீடா, லெட்டா? ஒரே எழுத்துக்குள் தலைமையும் காரீயமும்

எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் கிடங்குகளிலும், மணலி, திருவொற்றியூர் தொழிற்சாலைகளிலும் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் அடிக்கடி சந்திக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. எல், இ, ஏ, டி என்று நான்கே எழுத்துகள். இதை 'லீட்' என்றும் படிக்கலாம், 'லெட்' என்றும் படிக்கலாம். எழுத்து ஒன்றுதான், சொல் இரண்டு. லீட் என்றால் முன்னின்று நடத்துவது. லெட் என்றால் காரீயம். முதலாவதை மாற்றி உச்சரித்தால் யாராவது சிரிப்பார்கள், அவ்வளவுதான். இரண்டாவதைப் புரிந்துகொள்ளாமல் விட்டால் உடம்புக்கே கேடு.

லீட் பல இடங்களில் பல வேலை செய்கிறது. 'டீம் லீட்' என்றால் குழுவை நடத்துபவர். விற்பனைத் துறையில் வாடிக்கையாளராக வரக்கூடியவரின் விவரம்தான் 'லீட்'. வாக்கு எண்ணும் நாளில் அது முன்னிலை. காவல்துறைக்குக் கிடைத்தால் துப்பு. மல்டிமீட்டரில் செருகும் ஒயர் 'டெஸ்ட் லீட்'. ஆர்டர் கொடுத்ததிலிருந்து சரக்கு கைக்கு வரும்வரை ஆகும் காலம் 'லீட் டைம்'. துறைமுகத் தொழிலில் இருப்பவர்கள் இதை நாள் முழுக்கச் சொல்வார்கள்.

வேலை விண்ணப்பங்களில் ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது. 'குழுவை நடத்தினேன்' என்று இறந்தகாலத்தில் எழுதும்போதும் ஏ-வைச் சேர்த்துவிடுகிறார்கள். எல், இ, டி என்று மூன்றெழுத்தில் எழுதுவதே சரி. உச்சரிப்பும் 'லெட்' என்று மாறும். 'ரீட்' என்ற சொல் இறந்தகாலத்தில் எழுத்து மாறாமல் 'ரெட்' ஆகிவிடுவதால்தான் இந்தக் குழப்பம். ஒரு சொல்லின் விதி அடுத்ததற்குப் பொருந்தாது, ஆங்கிலம் அப்படித்தான்.

இனி உலோகத்துக்கு வருவோம். கார் பேட்டரி 'லெட் ஆசிட் பேட்டரி'. 'லீட் ஆசிட்' அல்ல. அமிலம் நிரப்பிய பேட்டரி கப்பலில் ஏறும்போது யு.என். 2794 என்ற எண்ணுடன் அபாயச் சரக்காகப் பதிவாகும். சுங்க அட்டவணையில் காரீயத்துக்கு 78-ஆம் அத்தியாயம், வெள்ளீயத்துக்கு 80-ஆம் அத்தியாயம். காசிமேட்டு மீனவர்கள் வலையில் கோக்கும் குண்டும் காரீயமே. பென்சிலுக்குள் இருப்பதை 'லெட்' என்று சொன்னாலும் அது கிராஃபைட்தான். ஈயம் துளியும் இல்லை.

ஆங்கிலத்தைக் குறை சொல்லும் நம் தமிழிலும் இதே சிக்கல் உண்டு. வெறுமனே 'ஈயம்' என்றால் காரீயமா, வெள்ளீயமா? பிரியாணி தேக்சாவுக்கு உள்பக்கம் ஈயம் பூசுவது வெள்ளீயத்தால். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயமே. ஆனால் காரீயம் விலை மலிவு என்பதால் கலப்படம் நடக்கிறது. தக்காளி, தயிர், எலுமிச்சை என்று புளிப்புச் சேரும் பாத்திரத்தில் அது உணவில் இறங்கும். பாத்திரத்தைப் பூசக் கொடுக்கும்போது சுத்த வெள்ளீயமா என்று கேட்பது நம் உரிமை. அரபியில் காரீயத்துக்கு 'ரஸாஸ்' என்று பெயர். அஸ்ஸஃப் அத்தியாயத்தின் 4-ஆம் வசனத்தில் உறுதியான கட்டடத்தைப் பற்றி வரும் 'மர்ஸூஸ்' என்ற சொல்லுக்கு, ஈயம் வார்த்து இணைத்தது என்று விளக்கம் தந்த விரிவுரையாளர்களும் உண்டு.

கட்டடத்துக்கு உறுதி தரும் பொருள் குழந்தையின் மூளைக்கு நஞ்சு. ரத்தத்தில் இவ்வளவு இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே காரீயத்தை விழுங்கினாலும் சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றது. வீட்டுப் பெயின்ட்டில் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. டப்பாவில் 'லெட் ஃப்ரீ' என்று இருந்தால் ஈயம் சேர்க்காதது என்று பொருள். பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் இடத்தில் வேலை செய்பவர்கள் அதே சட்டையோடு வந்து பிள்ளையைத் தூக்கக் கூடாது. தூசு துணியில் ஒட்டி வீடு வரை வரும்.

நம் வீடுகளில் அதிகம் பேசாத ஒன்று சுர்மா. நபி (ஸல்) அவர்கள் பரிந்துரைத்ததாக ஹதீஸ்களில் வருவது 'இஸ்மித்'. அது ஆன்டிமனி கல் என்றே அறிஞர்கள் பலரும் விளக்குகிறார்கள். கடைகளில் சுர்மா என்ற பெயரில் விற்பதில் பல, பார்வைக்கு அதே போலக் கறுத்து மின்னும் கலீனா. கலீனா என்பது காரீய சல்ஃபைடு. சுன்னத்தை விட்டுவிடுங்கள் என்பதல்ல பேச்சு. பெயர் சுர்மா என்பதாலேயே டப்பாவுக்குள் இருப்பது இஸ்மித் ஆகிவிடாது. ஆய்வகச் சோதனை விவரம் இல்லாத சுர்மாவைப் பச்சிளம் குழந்தையின் கண்ணில் தீட்ட வேண்டாம். கண்ணைக் கசக்கிய விரல் நேரே வாய்க்குத்தான் போகும்.

சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் 'பிளட் லெட்' பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல்.