நுவரெலியா இருக்கும்போது ஏன் கென்யா? உயரத்துக்கு நாங்கள் கொடுக்கும் விலை

ஞாயிற்றுக்கிழமை விடிய வெள்ளவத்தை மரைன் டிரைவில் நாங்கள் ஆறேழு பேர் ஓடுவோம். ஓட்டம் என்று பெயர்தான், பாதி நடை, பாதி கதை. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பியும் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்வான். ஊர் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். ஓ.எல். முடித்த கையோடு கொழும்புக்கு வந்து ஒரு கடையில் வேலை செய்கிறான், இன்னும் மூன்று பேரோடு ஒரு அறையில் இருக்கிறான். பம்பலப்பிட்டி வருமுன்னமே எங்களுக்கு மூச்சு வாங்கும். அவன் முன்னால் போய்த் திரும்பி வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போவான்.

ஒருநாள் எங்களில் ஒருத்தர் கென்யாவில் இருக்கிற இட்டென் என்ற ஊரைப் பற்றிக் கதைத்தார். கடல்மட்டத்திலிருந்து 2,400 மீற்றர் உயரம். உலகத்தின் பெரிய ஓட்டக்காரரெல்லாம் அங்கே போய் வாரக்கணக்கில் தங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள். "எங்கட ஆக்களும் அங்க போனால்தான் ஏதாவது செய்யலாம், ஆனா செலவு தாங்காது" என்றார். தம்பி கேட்டுக்கொண்டே வந்து சொன்னான்: "எங்க ஊரே ஒசரத்துலதான் இருக்கு. அதுக்குக் காசு குடுத்து ஏன் அங்க போறாங்க?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் பதில் சொல்ல ஒருத்தருக்கும் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பின்னால் போனதுதான்.

உயரம் எப்போது விலைப்பொருள் ஆனது?

1968 ஒலிம்பிக் மெக்சிக்கோ நகரத்துக்குக் கிடைத்தபோது உலக விளையாட்டுத்துறை கொஞ்சம் பயந்துதான் போனது. அந்த நகரம் 2,240 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் கடற்கரையில் கிடைப்பதை விட நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. குறுந்தூர ஓட்டக்காரருக்கும் பாய்பவருக்கும் காற்றின் தடை குறைவதால் அது இலாபம். நெடுந்தூரம் ஓடுபவர்களுக்குத்தான் பெரிய அடி.

முடிவுகளும் அப்படியே வந்தன. 1,500 மீற்றர், 3,000 மீற்றர் தடைதாண்டல், 5,000, 10,000, மரதன் என்று ஆண்களின் ஐந்து போட்டிகளிலும் தங்கம் ஆபிரிக்கர்களுக்கே போனது. ஐந்தில் நாலு, மேட்டுநிலத்தில் வளர்ந்த கென்யருக்கும் எதியோப்பியருக்கும். 1,500 மீற்றரில் உலக சாதனை வைத்திருந்த அமெரிக்கர் ஜிம் ரையனை, கென்யாவின் கிப் கெய்னோ வெகு தூரம் பின்னால் விட்டார். 10,000 மீற்றர் முடிவில் அவுஸ்திரேலியாவின் ரொன் கிளார்க் மயங்கி விழுந்தார்.

அந்தப் போட்டிக்கு முன்னமே பணக்கார நாடுகள் முழித்துக்கொண்டிருந்தன. பிரான்ஸ், பிரனீஸ் மலையில் ஃபொன் ரோமு என்ற ஊரில் ஒரு தேசிய உயர்நிலப் பயிற்சி நிலையத்தைக் கட்டியது. அமெரிக்கா, கலிபோர்னியாவில் ஒரு மலைக் கணவாயின் காட்டுக்குள்ளே, மரங்களுக்கு நடுவிலேயே ஓடுபாதை போட்டு அங்கே தன் அணியைத் தெரிவு செய்தது. அதுவரைக்கும் உயரம் என்றால் வெறும் பூமியின் அமைப்பு. அதற்குப் பிறகு அது கட்டடம், விடுதி, பயிற்றுநர், வைத்தியர், விமானச் சீட்டு எல்லாம் சேர்ந்த ஒரு செலவு.

இதில் எங்களை நிறுத்தியது ஒரு இலக்கம். ஃபொன் ரோமு நிலையம் இருப்பது 1,850 மீற்றரில். நுவரெலியா நகரம் இருப்பது 1,868 மீற்றரில்.

எங்கட மலையில் என்ன நடந்தது?

நுவரெலியாவின் உயரத்தை ஒருத்தரும் பயன்படுத்தவில்லை என்று சொல்ல முடியாது. வெள்ளைக்காரர் நன்றாகவே பயன்படுத்தினார்கள். கொழும்பு வெயிலில் வாடினவர்கள் உடம்பு தேற அங்கே போனார்கள். 1840களின் கடைசியில் சாமுவேல் பேக்கர் அங்கே ஒரு ஆங்கிலேயக் கிராமத்தையே உண்டாக்கப் பார்த்தார். பிறகு கொல்ஃப் மைதானம் வந்தது, குதிரைப் பந்தயத் திடல் வந்தது. ஏப்ரல் சீசனுக்கு இன்றைக்கும் கொழும்பு அங்கேதான் போகிறது. அந்த உயரத்தில் குதிரை ஓடுவதற்கு 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வட்டம் இருந்தது.

எங்கட நாட்டில் உயரத்துக்கு முதன்முதல் விலை கொடுத்தவர்கள் ஓட்டக்காரர் இல்லை. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலை ஏறினார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். கோப்பி போய்த் தேயிலை வந்தது, ஏற்றம் மாறவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 2023இல் அந்த இருநூறு வருஷத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மறுபடியும் நடந்தார்கள்.

கென்யாவிலும் இதே மாதிரி ஒரு கதை இருக்கு. அங்கே கெரிச்சோ என்ற மலைப்பகுதியில் கிப்சிகிஸ் மக்களின் நிலத்தைப் பிடுங்கி, அதே பிரித்தானியப் பேரரசு அதே தேயிலையை நட்டது. கென்யாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிக் கொடுத்த வில்சன் கிப்ருகுட் அந்தக் கெரிச்சோக்காரர். 1964 டோக்கியோவில் 800 மீற்றரில் வெண்கலம், 1968இல் வெள்ளி. அங்கேயும் நீதி கிடைத்துவிடவில்லை, நிலப் பிரச்சினை இன்னும் முடியவில்லை. ஆனால் அங்கே பள்ளிக்கூடங்கள் ஓட்டத்தைத் தூக்கிப் பிடித்தன. இராணுவமும் பொலிசும் சிறைச்சாலைத் திணைக்களமும் ஓடுபவர்களுக்கு வேலை கொடுத்தன. இட்டென் சென் பற்றிக்ஸ் பாடசாலைக்கு 1976இல் ஆசிரியராக வந்த அயர்லாந்துத் துறவி கொல்ம் ஓ'கொனல், தடகளப் பயிற்சி எதுவும் பெறாதவர். பிள்ளைகளோடு நின்று நின்றே உலகச் சம்பியன்களை உருவாக்கினார்.

அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. அங்கே மலைப்பிள்ளை ஓடுவதற்கு ஒரு வழி திறந்தது. இங்கே மலைப்பிள்ளைக்குத் திறந்தது கொழும்புக் கடைகளின் கதவுதான்.

ஒரு சின்னக் கணக்கு

உயரத்தில் நாலு நாள் நின்றால் எதுவும் நடக்காது. ஒட்சிசன் குறைவதை உடம்பு உணர்ந்து, சிறுநீரகம் ஈ.பி.ஓ. என்ற ஹோர்மோனைச் சுரந்து, எலும்பு மச்சை புதிய செங்குருதிக் கலங்களை உண்டாக்க மூன்று நாலு வாரமாவது வேணும். கீழே இறங்கிய பிறகு அந்தப் பலனும் கொஞ்ச வாரங்களில் கரைந்துவிடும். அதனால் இது ஒரு தடவைச் செலவு இல்லை. ஒவ்வொரு பருவமும் போகவேணும்.

சும்மா ஒரு கணக்குக்கு, சீட்டு, விசா, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒருத்தருக்கு 2,000 டொலர் என்று வைப்போம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 203 ரூபா அளவில் நின்றது. அப்படியென்றால் நாலு இலட்சத்துச் சொச்சம். அதே வருஷம் மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டது. அப்போது அதே பயணம் ஏழு இலட்சத்து இருபதாயிரம். ஓட்டக்காரர் ஒரு அடிகூடக் கூட ஓடவில்லை, செலவு முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டது.

தோட்டத்தில் அந்த நேரம் நாட்சம்பளம் 1,000 ரூபா. அதையும் 2021இல் எத்தனையோ வருஷப் போராட்டத்துக்குப் பிறகுதான் கண்டார்கள். தம்பியின் அம்மா மாதிரி ஒருவர் மகனை ஒரே ஒரு தடவை அனுப்புவதற்கு, சாப்பிடாமல் குடிக்காமல் 720 நாள் கொழுந்து பறிக்கவேணும். மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் இரண்டு வருஷம் நாலு மாதத்துக்கு மேல். அதையும் அவர் செய்வது ஏற்கனவே உயரத்தில் நின்றுகொண்டு.

அப்போ நுவரெலியாவே போதுமா?

இங்கேதான் நாங்களும் முதலில் பிழையாக யோசித்தோம். "உயரம் எங்களிட்டயே இருக்கு, வெளிநாடு எதுக்கு?" என்று எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தோம். அது பாதி உண்மை.

முதலில் ஒரு மறுப்பு. 2,000 முதல் 2,500 மீற்றர் வரைதான் மிகப் பொருத்தம் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், நுவரெலியா அதற்குக் கொஞ்சம் கீழே. சரி. ஆனால் ஃபொன் ரோமுவும் அதே உயரம்தான். ஐரோப்பிய ஓட்டக்காரர் வருஷா வருஷம் போகும் சுவிட்சர்லாந்தின் சென் மொரிட்ஸ் 1,822 மீற்றர். அவர்களுக்குப் போதுமானது எங்களுக்கு மட்டும் ஏன் போதாது?

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கு. செங்குருதிக் கலம் உண்டாக இரும்புச்சத்து வேணும். இரும்பு குறைந்த உடம்பை எந்த மலையில் கொண்டுபோய் வைத்தாலும் இரத்தம் கூடாது. 2016ஆம் ஆண்டின் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது ஏறத்தாழ 32 வீதம். நாட்டிலேயே உயரமான இடத்தில் வாழும் பிள்ளைகள்தான் நாட்டிலேயே வளர்ச்சி குன்றிய பிள்ளைகள். இதை எழுதும்போது எங்களுக்குக் கை ஓடவில்லை.

இட்டெனுக்குப் போகிறவர் காசு கொடுத்து வாங்குவது காற்றை மட்டும் இல்லை. ஒரு மாதம் வேறு வேலை இல்லாத நித்திரை, நேரத்துக்குச் சாப்பாடு, கூட ஓட இருபது பேர், பார்த்துத் திருத்த ஒரு பயிற்றுநர். நுவரெலியாவில் காற்று இலவசம். மீதி எல்லாம்தான் இல்லை. அங்கே ஓர் உயர்நில விளையாட்டுத் தொகுதி அமைக்கும் திட்டத்தைப் பற்றி வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டு இருக்கிறோம். நல்லது, பாதை வரட்டும். ஆனால் அந்தப் பாதையில் யார் ஓடப்போகிறார்கள், கொழும்பிலிருந்து முகாமுக்கு வருகிறவர்களா, வேலிக்கு அந்தப் பக்கம் லயத்தில் இருக்கிற பிள்ளைகளா என்பதையும் கேட்கவேணும்.

இத்தனைக்கும் நடுவில் அந்த மலையிலிருந்து ஆட்கள் வந்துதான் இருக்கிறார்கள். ஹட்டன் பக்கத்துக் குமார் சண்முகேஸ்வரன், மலையகத்தின் விக்னேஸ்வரன் வக்‌ஷன் போன்றவர்கள் 5,000, 10,000 மீற்றர் ஓட்டங்களில் தேசிய மட்டத்தில் வென்றவர்கள். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் இருக்கிற சுகததாச விளையாட்டரங்கில் அவர்கள் மாதிரி ஆட்கள் ஓடும்போது, நாங்கள் அந்த மதிலைக் கடந்து பஸ்ஸில் போயிருக்கிறோம், உள்ளே போய்ப் பார்த்ததில்லை. அது எங்கட பிழை.

வெளிநாட்டுப் பயிற்சி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தகுதியானவர் போகட்டும், அரசு செலவழிக்கட்டும். ஆனால் அந்த ஏழு இலட்சத்தைப் பற்றிக் கதைக்கும் ஒவ்வொரு முறையும், அதே காசில் ஒரு தோட்டப் பாடசாலைக்கு எத்தனை நாள் முட்டையும் கீரையும் பருப்பும் கொடுக்கலாம், எத்தனை சோடி சப்பாத்து வாங்கலாம் என்றும் பக்கத்தில் எழுதி வைப்போம். முதல் செலவு அங்கேதான் தொடங்கவேணும்.

கட்டுரையைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினோம். கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டான்: "சுகததாசவுல உள்ள போய் ஓட வுடுவாங்களா?" கடைக்கு லீவு கிடைக்கிற அடுத்த போயா நாளில் அவனோடு போய் வாசலில் விசாரிக்கப் போகிறோம்.