கணக்கில் சேராத கட்டிகள்

டாலிகஞ்ச் 1953 வரை தனி நகராட்சி. அவ்வாண்டில்தான் கல்கத்தா மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. நோய்க்கணக்கு எடுப்போருக்கு இது சிறு செய்தியன்று. மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேட்டில், நோயாளி எங்கே மருத்துவம் பெற்றார் என்பதைவிட எங்கே வாழ்கிறார் என்பதே முதற்கேள்வி. பதிவேட்டின் எல்லைக்குள் ஓராண்டேனும் குடியிருந்தவரே கணக்கில் வருவார். டாலிகஞ்சுக்காரர் உள்ளே, அவருக்கு அடுத்த படுக்கையில் கிடக்கும் பீகார் நோயாளி வெளியே.

டாலிகஞ்சிலிருந்து மெட்ரோவில் வடக்கே சில நிறுத்தங்கள் சென்றால் ஹாஜ்ரா. அங்குள்ள சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை 1950இல் திறந்துவைத்தவர் ஐரீன் ஜோலியோ-கியூரி. ஆயினும் கொல்கத்தாவுக்குப் பதிவேடு வாய்க்க நெடுங்காலம் ஆயிற்று. பம்பாய் 1963இலும், சென்னை 1982இலும் தொடங்கிவிட்டன. கொல்கத்தாவின் 1998, 1999ஆம் ஆண்டுகளுக்கான முதல் அறிக்கை 2002இல்தான் அச்சேறியது. ஊழியர்கள் மருத்துவமனைகளையும் ஆய்வகங்களையும் நாடிச் சென்று திரட்டிய தரவு அது. ஆண்களிடம் நுரையீரல், பெண்களிடம் மார்பகம் என முதலிடங்கள் அதில் தெளிவாயின.

மூளைக்கட்டியின் நிலை வேறு. மண்டையோடு விரியாது, ஆகவே புற்றல்லாத கட்டியும் மூளையை நெருக்கி, பார்வையைப் பறிக்கும், வலிப்பை உண்டாக்கும், சில வேளை உயிரையும் கொள்ளும். இந்தியப் பதிவேடுகளோ புற்றை மட்டுமே எண்ணும் மரபில் வளர்ந்தவை. சென்னைப் பதிவேட்டின் ஆங்கிலப் பெயரில் இருந்தது ‘டியூமர்’ என்ற சொல், எண்ணியதோ ‘கேன்சரை’. தமிழில் கட்டி வேறு, புற்று வேறு என்பதை நினைத்தால் இந்த இடைவெளி எளிதில் புலப்படும்.

கொல்கத்தாவின் முதல் அறிக்கை வெளிவந்த அதே 2002இல், அமெரிக்கா புற்றல்லாத மூளைக்கட்டிகளையும் பதிவு செய்யச் சட்டம் இயற்றியது. 2004 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று அந்நாட்டில் பதிவாகும் முதன்மை மூளை, நரம்பு மண்டலக் கட்டிகளில் ஏறத்தாழப் பத்துக்கு ஏழு புற்றல்லாதவை. அவற்றுள் மூளையுறையில் தோன்றும் மெனிஞ்சியோமாவே மிகுதி. எனவே, இந்தியாவில் மூளைக்கட்டி அரிது என்று இரு நாட்டு எண்களையும் அருகருகே வைத்துச் சொல்வோர், வெவ்வேறு படிகளால் அளந்த நெல்லை ஒப்பிடுகிறார்கள். புற்றுக்கட்டிகளை மட்டும் தனியே எடுத்து ஒப்பிட்டாலும் சிக்கல் முற்றும் தீராது. ஸ்கேன் வசதியும் திசுப் பரிசோதனையும் எட்டாத இடத்தில் கட்டி பெயரின்றியே போகிறது. நுரையீரலிலிருந்து பரவியது மூளையில் தோன்றியதாக எழுதப்படவும் கூடும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் மரபணு மாற்றங்களையும் சேர்த்துக் கட்டிகளை வகைப்படுத்தியபின், பழைய பதிவுகளைப் புதிய பெயர்களோடு பொருத்துவது இன்னும் கடினமாயிற்று.

டாலிகஞ்சில் மெனிஞ்சியோமாவால் பார்வை மங்கும் பெண்ணுக்கு அறுவை மேசையும் படுக்கையும் வேண்டும்; புற்றுநோய்க் கணக்கை மட்டும் நம்பித் திட்டமிடுவோர் கண்ணில் அவர் படமாட்டார். மெனிஞ்சியோமாவின் குறியீடு 9530. சாய்கோட்டுக்குப் பின் 3 என்றிருந்தால் அவர் பதிவேட்டின் உள்ளே. 0 என்றிருந்தால் வெளியே.