பாரியோவுக்கு ஒரு டிக்கெட்

ஒரு ஐந்து நிமிடத்துக்கு உங்களை ஒரு விமானக் கம்பெனிக்குத் தலைவராக்கிவிடுகிறேன். சாதாரணக் கம்பெனி இல்லை. ஒரு தேசத்தின் கம்பெனி. விமானத்தின் வாலில் அந்த நாட்டுப் பட்டத்தின் படம். உபசாரத்துக்கு உலக அளவில் பரிசுகள் வாங்கிய பணியாளர்கள். உள்நாட்டில் மட்டும் நூறு வழித்தடங்களுக்குமேல். எல்லாம் இருக்கிறது. காசுதான் இல்லை. கல்லாவில் இருப்பது இன்னும் சில மாதங்களுக்குத்தான் காணும்.

என்ன செய்வீர்கள்?

உங்களுக்கும் எனக்கும் முதலில் தோன்றுவது ஒன்றாகத்தான் இருக்கும். நஷ்டத்தில் ஓடுகிற ரூட்டை நிறுத்து. பழைய விமானத்தைத் தள்ளிவிடு. முடிந்தது கதை.

முடியாது. ஏன் முடியாது என்பதுதான் கதையே.

2005-ம் வருடம் டிசம்பர் மாதம் மலேசியா ஏர்லைன்ஸ் இந்த நிலைமையில்தான் இருந்தது. அங்கே அதைச் சுருக்கமாக மாஸ் என்பார்கள். அந்த வருடம் ஒன்பது மாதக் கணக்கில் ஏறத்தாழ 130 கோடி ரிங்கிட் நஷ்டம். ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இத்ரிஸ் ஜாலா என்பவரைக் கூப்பிட்டுத் தலைமை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். விமானத் தொழிலில் முன் அனுபவம் கிடையாது. கணக்குத் தெரிந்த மனிதர், போதும்.

இந்த இத்ரிஸ் ஜாலாவின் சொந்த ஊர் பாரியோ. இந்தப் பேரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலை இருக்கிறது.

அதற்குமுன் ஒரு பாகப்பிரிவினையைப் பார்த்துவிடலாம்.

1965-ல் சிங்கப்பூர் மலேசியாவைவிட்டுத் தனியாகப் போய்விட்டது. நாடு இரண்டானாலும் விமானக் கம்பெனி ஒன்றாகத்தான் இருந்தது. மலேசியா - சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். தனிக்குடித்தனம் போன அண்ணன் தம்பி ஒரே கடையை நடத்தினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. சிங்கப்பூருக்கு உள்நாடு என்று ஒன்றே கிடையாது. ஊரைவிட்டுக் கிளம்பினாலே வெளிநாடு. எனவே லண்டனுக்குப் பறப்போம், டோக்கியோவுக்குப் பறப்போம் என்றார்கள். மலேசியாவுக்கோ கடலுக்கு அந்தப் பக்கம் போர்னியோ தீவில் சபா, சரவாக் என்று இரண்டு மாநிலங்கள். காடும் மலையும் ஆறும். அங்கே ஊருக்கு ஊர் ரோடு போட்டு மாளாது. குட்டி விமானம்தான் பஸ். அதை யார் ஓட்டுவது?

ஒத்துவரவில்லை. 1972 அக்டோபரில் பிரித்துக்கொண்டார்கள். பெரிய போயிங் 707 ஜெட்களும் வெளிநாட்டு ரூட்டுகளும் பெரும்பாலும் சிங்கப்பூர் பக்கம் போயின. சின்ன விமானங்களும் உள்நாட்டு ரூட்டுகளும் மலேசியா பக்கம் வந்தன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பிறந்தது. மாஸும் பிறந்தது.

ஆக, பிறக்கும்போதே மாஸின் கையில் இரண்டு நோட்டுகள். ஒன்று வியாபாரக் கணக்கு. இன்னொன்று தேசக் கணக்கு. வியாபாரக் கணக்கு, லாபம் எவ்வளவு என்று கேட்கும். தேசக் கணக்கு, யாரையாவது விட்டுவிட்டாயா என்று கேட்கும். இரண்டுமே நியாயமான கேள்விகள்தாம். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதியதுதான் வினை.

1994-ல் அரசாங்கம் தன் கையிலிருந்த 32 சதவீதப் பங்கை தாஜுதீன் ராம்லி என்ற தொழிலதிபருக்கு விற்றது. பங்கு ஒன்று 8 ரிங்கிட். மொத்தம் 179 கோடி ரிங்கிட். மூன்றே வருடம். 1997-ல் ஆசியப் பொருளாதார நெருக்கடி வந்தது. டாலருக்கு இரண்டரையாக இருந்த ரிங்கிட் நாலைத் தாண்டியது. விமானத்துக்கு வாங்கிய கடன் டாலரில். உள்ளூர் டிக்கெட் விற்பது ரிங்கிட்டில். அதையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. உள்நாட்டுக் கட்டணத்தில் அரசாங்கத்தின் பிடி.

2000 டிசம்பரில் அரசாங்கமே பங்குகளைத் திரும்ப வாங்கியது. என்ன விலைக்கு? அதே 8 ரிங்கிட்டுக்கு. சந்தையில் அன்று அதில் பாதி விலைகூட இல்லை. லாபம் வந்தால் தனியாருக்கு, நஷ்டம் வந்தால் ஜனங்களுக்கு என்று எதிர்க்கட்சிகள் கத்தியதில் ஆச்சரியம் இல்லை. 2002-ல் இன்னொரு வைத்தியம். விமானங்களையும் அவற்றின்மேல் இருந்த கடனையும் பெனர்பாங்கான் மலேசியா என்ற அரசுக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. மாஸ் விமானத்தை ஓட்டினால் போதும். கடனை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும்தான் 2005-ல் அந்த 130 கோடி.

இப்போது இத்ரிஸ் ஜாலாவிடம் வருவோம். வந்தவர் கத்தியை எடுத்தார். கோலாலம்பூரில் இருந்த தலைமை அலுவலகக் கட்டடம் விற்கப்பட்டது. ஆட்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்கப்பட்டது. கட்டுப்படியாகாத வெளிநாட்டு ஊர்கள் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டன. கூடவே, 2006 மார்ச்சில் அரசாங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. உள்நாட்டில் சுமார் இருபது முக்கிய ரூட்டுகளை மட்டும் மாஸ் வைத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் ஏர் ஏசியாவுக்கு. கடனோடு சேர்த்து ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு டோனி பெர்னாண்டஸ் வாங்கினாரே, அதே மலிவு விலை விமானக் கம்பெனி.

மற்றதெல்லாம் என்றால் என்னென்ன? சபா, சரவாக் காட்டுக்குள் போகிற குட்டி விமானங்களும்தான். பாரியோ விமானமும்தான்.

பாரியோ சரவாக்கில் இந்தோனேசிய எல்லைக்குப் பக்கத்தில், மூவாயிரம் அடிக்குமேல் உயரத்தில் இருக்கிற ஊர். கெலாபிட் என்ற சிறிய பழங்குடி இனத்தின் தாயகம். அங்கே விளைகிற அரிசிக்கு நாடு முழுக்க மவுசு. பல பத்தாண்டுகள் அந்த ஊருக்கு ரோடே கிடையாது. பின்னால்தான் மரம் வெட்டுகிறவர்கள் போட்ட மண் பாதை ஒன்று வந்தது. மழை பெய்தால் அதுவும் சேறு. 19 பேர் உட்காரக்கூடிய ட்வின் ஓட்டர் விமானம் மிரி நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். பிள்ளைகள் மேல்படிப்புக்குப் போவது அதில். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அதில். அரிசி இறங்குவதும் சர்க்கரை ஏறுவதும் அதில்.

இந்த ரூட்டுக்கு லாப நஷ்டக் கணக்குப் போட்டால் என்ன வரும்? எந்த நாளும் நஷ்டம்தான். 19 சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு பைலட்டுக்குச் சம்பளமும் எரிபொருளும் ரிப்பேர் செலவும் தேறவே தேறாது. முடிவு அரசாங்கத்தினுடையது. ஆனால் அந்த ரூட்டுகள் கைமாறியபோது நாற்காலியில் இருந்தவர் அந்த மலையில் பிறந்த கெலாபிட் மனிதர். அவருக்கு இது வெறும் எண்ணாக இருந்திருக்க முடியுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2006 ஆகஸ்டில் ஏர் ஏசியா வட்டாரத்துப் புதுக் கம்பெனி ஒன்று அந்தக் காட்டு ரூட்டுகளை எடுத்துக்கொண்டது. ஃப்ளை ஏஷியன் எக்ஸ்பிரஸ் என்று பேர். விமானங்கள் என்னவோ அதே பழைய ஃபோக்கர் 50, அதே பழைய ட்வின் ஓட்டர். இன்றைக்கு விமானம் வருமா, வராதா என்று ஜனங்கள் தவித்துப்போனார்கள். சரவாக்கிலும் சபாவிலும் புகார்கள் குவிந்தன.

ஒரு வருடம் தாண்டியது. அவ்வளவுதான். ரூட்டுகள் திரும்ப மாஸிடமே வந்தன. காட்டு ரூட்டுகளைவிட்ட அந்தக் கம்பெனி என்ன ஆனது தெரியுமா? பேரை மாற்றிக்கொண்டு ஏர் ஏசியா எக்ஸ் ஆனது. மலைக்கிராமத்துக்குப் பறக்க வந்தது, 2007 நவம்பரில் ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தது.

ஆனால் இந்த முறை மாஸ் ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தது. காட்டு ரூட்டுகளுக்காக மாஸ்விங்ஸ் என்று தனிக் கம்பெனி. 2007 அக்டோபரில் ஆரம்பம். விழுகிற துண்டை அரசாங்கம் மானியமாகக் கொடுத்துவிடும். இரண்டு கணக்கும் இரண்டு நோட்டுக்குப் போய்விட்டது. பாரியோவுக்கு விமானம் விடுவதற்கு நாடு என்ன விலை கொடுக்கிறது என்பது வெளியே தெரிய ஆரம்பித்தது.

பழைய விமானங்களின் கதையும் இங்கேதான் வருகிறது. காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு சபலம் உண்டு. தேய்மானம் முழுக்கக் கழித்தாகிவிட்ட பழைய விமானம் கணக்குப் புத்தகத்தில் ஏறத்தாழ ஓசி. தவணை இல்லை. ஓட்டுகிறவரைக்கும் ஓட்டலாமே? ஆனால் பழையது எரிபொருளை அதிகம் குடிக்கும். அடிக்கடி ஒர்க்‌ஷாப்பில் படுக்கும். உதிரி பாகம் கிடைக்காது. ஃபோக்கர் 50-ஐத் தயாரித்த டச்சுக் கம்பெனி 1996-லேயே திவால். எனவே மாஸ்விங்ஸ் அவற்றை அனுப்பிவிட்டுப் புது ஏடிஆர் 72 விமானங்களைக் கொண்டுவந்தது.

ட்வின் ஓட்டரை என்ன செய்வது? பாரியோ மாதிரி ஊர்களின் குட்டை ஓடுதளத்தில் ஏடிஆர் இறங்காது. உற்பத்தி 1988-லேயே நின்றுவிட்டது. ஆனால் அதற்குச் சரியான மாற்று எளிதில் கிடைக்கவில்லை. கடைசியில் கனடாவில் வைக்கிங் என்ற கம்பெனி, அதே ட்வின் ஓட்டரைப் புது எஞ்சினோடு திரும்பத் தயாரிக்க ஆரம்பித்தது. 2013-ல் மாஸ்விங்ஸ் பழைய ட்வின் ஓட்டரை ஓரங்கட்டிவிட்டு வாங்கியது, புதிய ட்வின் ஓட்டர்.

சரி, கிராமத்துப் பாரம் இறங்கிவிட்டது. மாஸ் பிழைத்துக்கொண்டதா?

முதலில் பிழைத்தது. 2007-ல் 85 கோடி ரிங்கிட் லாபம். அதுவரை இல்லாத சாதனை. உலகமே கைதட்டியது. இத்ரிஸ் ஜாலா 2009-ல் மந்திரியாகப் போனார். அப்புறம் 2011-ல் நஷ்டம் 252 கோடி ரிங்கிட். 2005-ல் பார்த்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பாரியோ அப்போது மாஸின் வியாபாரக் கணக்கில் இல்லை. துண்டு விழுந்தால் நிரப்ப அரசாங்க மானியம் இருந்தது. அப்படியென்றால் இந்த 252 கோடி எங்கிருந்து வந்தது?

எரிபொருள் விலை ஒரு காரணம். மலிவு விலைக் கம்பெனிகளின் போட்டி ஒரு காரணம். இன்னொன்று, கௌரவம். கோலாலம்பூரில் கிளம்பி ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து பியூனஸ் அயர்ஸ் வரை ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது. உலக மேப்பில் பார்க்க அழகாக இருக்கும். தேசத்தின் கொடி தென் அமெரிக்காவில் இறங்குகிறது என்று பேசிக்கொள்ளலாம். 2012 தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். கூடவே ரோம், துபாய் என்று வேறு சில ஊர்களும் போயின.

அதே வருடம் நாலு எஞ்சின் போயிங் 747-களில் பயணிகள் ஏறுவது நின்றது. வயசாகிவிட்டது, நியாயம். பதிலுக்கு வந்தது எது? இன்னும் பெரிய ஏர்பஸ் ஏ380. அதற்கும் எஞ்சின் நாலுதான். மொத்தம் ஆறு வாங்கினார்கள். பத்தே வருடம். 2022-ல் ஆறுக்கும் விடைகொடுத்தாகிவிட்டது. விமானத்தின் வயசு மட்டும் அல்ல, வாங்குகிறவரின் ஆசையும் நஷ்டம் தரும்.

2014-ல் நடந்தது உங்களுக்கே தெரியும். மார்ச் 8-ல் 239 பேரோடு எம்ஹெச் 370 காணாமல் போனது. ஜூலை 17-ல் உக்ரைன் வானில் எம்ஹெச் 17 சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர். அந்தத் துக்கத்தை எந்த நோட்டிலும் எழுத முடியாது. ஏற்கெனவே நோயில் கிடந்த கம்பெனி எழுந்திருக்க முடியாமல் விழுந்தது. அரசாங்கத்தின் கஸானா நிறுவனம் 600 கோடி ரிங்கிட் திட்டத்தோடு வந்தது. இருபதாயிரம் ஊழியர்களில் ஆறாயிரம் பேருக்கு வேலை போனது. புதிதாக வந்த ஜெர்மானியத் தலைவர் கிறிஸ்டோப் முல்லர், கம்பெனி தொழில்நுட்பரீதியில் திவால் என்று 2015-ல் போட்டுடைத்தார். பிராங்க்பர்ட், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் எல்லாம் வெட்டப்பட்டன. ஐரோப்பாவில் லண்டன் ஒன்றுதான் மிஞ்சியது.

பாரிஸுக்கு 2025 மார்ச்சில் திரும்பப் பறக்க ஆரம்பித்தார்கள். ஒன்பது வருடம் விமானம் இல்லாததால் பாரிஸ் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. எமிரேட்ஸ் இருந்தது, இன்னும் எத்தனையோ கம்பெனிகள் இருந்தன. பாரியோவுக்கு ஒன்பது வாரம் விமானம் இல்லையென்றால் என்ன ஆகும்? நஷ்டம் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அடித்துவிட முடியாது என்று நான் சொல்ல வந்தது இதனால்தான்.

நட்டத்தில் இருக்கும் ஒரு தேசிய விமானக் கம்பெனி ரூட்டுகளைக் குறைக்கிறது என்று எங்காவது செய்தி படித்தால் உடனே சபாஷ் போட்டுவிடாதீர்கள். திட்டவும் வேண்டாம். அந்த ஊருக்குப் போக வேறு வழி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால், தாராளமாக வெட்டட்டும். இல்லாவிட்டால், அந்த டிக்கெட்டின் மீதிக் காசை யார் கொடுக்கப்போகிறார்கள் என்று அடுத்த கேள்வி கேளுங்கள். யாராவது ஒருவர் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

2025 பிப்ரவரியில் மாஸ்விங்ஸை விலைக்கு வாங்க சரவாக் மாநில அரசு ஒப்பந்தம் போட்டது. எங்கள் ஊர் விமானத்தை நாங்களே ஓட்டிக்கொள்கிறோம் என்றார்கள். 1972-ல் எழுந்த கேள்வி. பதில் சொல்ல ஐம்பது வருடத்துக்குமேல் ஆகியிருக்கிறது.