பூட்டில் உள்ள சிங்கமும் வீட்டில் உள்ள கதையும்: தர்மபுரத்தில் ஒரு பழைய கைத்துவக்கை அடையாளம் காணுதல்

வன்னி மக்களுக்கு ‘இடியன்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. குழலின் வாய்வழியே மருந்தும் சன்னமும் இட்டு, கோலால் இடித்துச் சுடும் வேட்டைத் துவக்கு அது. ஐரோப்பாவில் வழக்கொழிந்து நெடுங்காலமான பின்னும் இங்கே கம்மாலைகளில் செய்யப்பட்டது. ஆகவே வாய்வழி மருந்திடும் கைத்துவக்கு ஒன்று தர்மபுரத்து உறவினர் வீட்டு றங்குப்பெட்டியிலிருந்து வெளிவந்தால், அதன் பொறிமுறை பழையது என்பதற்காகப் பொருளும் பழையது என்று முடிவுகட்ட முடியாது.

அடுத்த தவறு இடத்தைப் பற்றியது. வன்னியில் கிடைத்தது என்றவுடன் நினைவு 1803க்குப் போகும். அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் பிரித்தானியர் வசமிருந்த முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் பிரித்தானியத் தளபதி வொன் டிரிபேர்க்கின் படை அவனை முறியடித்தது. கோட்டையில் பறிபோன ஆயுதங்களில் ஒன்றுதான் இது என்று எண்ண ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையைச் சோதிக்கப் பூட்டுத்தகடு ஒன்றே போதும். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆயுதங்களில் முதலில் இதயவடிவ முத்திரை இருந்தது. 1808 அளவில் அதன் இடத்தைப் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கம் பிடித்தது. தகட்டில் அந்தச் சிங்கம் இருந்தால், அது 1803இல் யாரும் பறித்த ஆயுதமாக இருக்க வழியில்லை. கிரீடத்தோடு ‘டவர்’ என்ற சொல் இருந்தால் அது பிரித்தானிய அரச ஆயுதத்தின் அடையாளம். ஆயினும் வீட்டு அலங்காரத்துக்கென 20ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பட்ட போலிகளிலும் அதே சொல் உண்டு. குழலில் நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள் தெரிந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சோதிக்கப்பட்டது. அதன்மேல் கிரீடமும் இருந்தால் 1893க்கு முந்தியதல்ல. பூட்டு இடப்பக்கம் அமைந்திருந்தால் இலங்கைக் கொல்லரின் பழைய மரபை நினைக்க இடமுண்டு.

இங்கே சட்டம் ஒரு கூர்மையான கோடு கிழிக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தொல்பொருளுக்கு வகுத்த எல்லை 1815 மார்ச் 2, கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். அதிர்மருந்துப் பூட்டுக்கு ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்றார். ஆனால் செப்புத்தொப்பி வைத்துச் சுடும் முறை 1820களில்தான் பரவியது. எனவே தொப்பிக்கென்றே செய்யப்பட்ட கைத்துவக்கு எதுவும் அந்த எல்லைக்குள் வராது. ஒரு விலக்கு உண்டு. சக்கிமுக்கிப் பூட்டுகள் பல பின்னர் தொப்பிக்கு மாற்றப்பட்டன. மருந்துக்கிண்ணம் இருந்த இடத்தில் அடைக்கப்பட்ட துளைகள் அதைக் காட்டிக்கொடுக்கும். அந்தத் துளைகளைத் தேடாமல் ‘பிற்காலத்தது’ என்று ஒதுக்குவது, காப்பாற்ற வேண்டிய பொருளைக் கைவிடுவதாகும். கண்டியின் வீழ்ச்சியை அளவுகோலாக்கிய இந்தத் திகதி, அதற்கு 12 ஆண்டுகள் முன்பே தன் போரைத் தோற்றுவிட்ட வன்னிக்குப் பொருந்தவில்லை என்பதே என் கருத்து. 19ஆம் நூற்றாண்டின் கைத்துவக்கும் வன்னியின் சமூக வரலாற்றுக்குச் சான்றுதான்.

ஏன் சான்று என்பதைத் தர்மபுரத்தைக் கொண்டே விளக்கலாம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவுக்கு முன்னால் உள்ள இவ்வூர் குடியேற்றத்தால் உருவானது. 1977 வன்முறையில் மலையகத்தை விட்டு வந்த குடும்பங்கள் இப்பகுதியில் பல. 2009 ஜனவரியில் போர் இவ்வூரைக் கடந்தபோது மக்கள் கையில் எடுத்ததோடு கிழக்கே நகர்ந்தார்கள். எடுக்க முடியாததை வளவில் புதைத்தவர்கள் உண்டு. ஆகவே இங்கே ஒரு பொருள் கிடைத்த இடம் அது புழங்கிய இடமல்ல. கம்பனிச் சிங்கத்தையே மீண்டும் எடுப்போம். இலங்கை 1802 முதல் முடிக்குரிய குடியேற்ற நாடு. அதற்குப் பிந்திய கம்பனி ஆயுதத்தின் வேர் இந்தியக் கரையில்தான். 1818இல் ஊவாக் கிளர்ச்சியை அடக்க வந்த மதராஸ் படையோடு வந்திருக்கலாம். தோட்டத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் மூட்டையிலும் வந்திருக்கலாம். எது என்பதைச் சிங்கம் சொல்லாது.

சின்னம் மட்டும் போதாது என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்த லெவ்கே பீரங்கியை நினைவுகூரலாம். கண்டி அரசின் சூரியனும் பிறையும் சிங்கமும் அதன் உடலிலேயே இருந்தன. ஆயினும் 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது அது போனது என்பதை நிறுவ, கைமாறிய வழியை இரு நாட்டு ஆய்வாளரும் ஆவணங்களில் தேட வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் அது கொழும்புக்குத் திரும்பியபோது கூடவே வந்த ஐந்து பொருள்களில் இரண்டு ‘மகா துவக்கு’ எனப்படும் சுவர்த்துவக்குகள். தர்மபுரத்து வீட்டுக்கு அத்தகைய ஆவணக்காப்பகம் இல்லை. இருப்பது முதியோரின் நினைவு மட்டுமே.

பயம் அந்த நினைவையும் பொருளையும் சேர்த்து அழிக்கிறது. ஆயுதம் என்ற சொல்லுக்கே நடுங்கிய தலைமுறை, கண்டதைக் கிணற்றில் போடவே நினைக்கும். செய்ய வேண்டியது வேறு. பழைய குழலுக்குள் இடித்த மருந்து இன்னும் இருக்கக்கூடும். ஆகவே விசையைத் தொடாமலும் துரு சுரண்டாமலும் இருந்த இடத்திலேயே விட்டுப் படம் எடுத்து, கிராம அலுவலர் வழியாகப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். நிலத்தைத் தோண்டும்போது கண்டதாயின் கிட்டவே போகக்கூடாது. பொருள் அரசின் கைக்குப் போகுமுன், வீட்டில் மூத்தவரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டியவை இவை: பெட்டி யாருடைய சீதனம், எந்தத் தோட்டத்து லயத்திலிருந்து வந்தது, 2009இல் எந்த மரத்தடியில் புதைக்கப்பட்டது, திரும்பி வந்து தோண்டியவர் யார்.