வகுப்பே இல்லாத காலத்தில் யார் சொல்லிக் கொடுத்தாங்க?

 

போன திருவிழாவுக்கு முந்தின நாள் ராத்திரி மண்டபத்தில் உட்கார்ந்து தென்னங்குருத்து தோரணம் பின்னிக்கிட்டு இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வர்ற பையன் ஒருத்தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அங்கிள், இதை நீங்க எந்த வகுப்புல படிச்சீங்க?"ன்னு கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "வகுப்பெல்லாம் ஒண்ணும் இல்லப்பா"ன்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அந்தக் கேள்வி மண்டையைக் குடைஞ்சது. வகுப்பே இல்லாம எங்க தலைமுறை எப்படிக் கத்துக்கிச்சு? இப்ப மட்டும் ஏன் வகுப்பு தேவைப்படுது? நான் எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவன். எனக்குத் தெரிஞ்ச வரலாற்றை எழுதுறேன். நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

நம்ம மலாக்காவுக்கு ஒரு பெருமை உண்டு. மலாயாவில் வியாபாரத்துக்காக முதன்முதலில் ரப்பர் தோட்டம் போட்டது இங்கேதான். 1896-ல் டான் சாய் யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அடுத்து புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் வந்தது. நாடு முழுக்க ரப்பர் பரவப் பரவ ஆள் தேவைப்பட்டது. கங்காணிமார் தமிழ்நாட்டுக்குப் போய், தன் ஊர், பக்கத்து ஊர், சொந்தபந்தம்னு கூட்டிக்கிட்டு வந்தாங்க. அதனால ஒரே ஊர்க்காரங்க ஒரே லயத்தில் குடியிருந்தாங்க. அவங்க கூடவே அந்த ஊர் சாமியும் வந்தது, அந்த ஊர்ப் பாட்டும் மேளமும் கூத்தும் வந்தது.

காலையில் பெரட்டு, பிறகு பால்வெட்டு. மத்தியானத்துக்கு மேல எல்லாரும் லயத்தில்தான். சாயங்காலம் கோயில் வாசலில் உறுமி சத்தம் கேட்கும். உறுமியில் ஒரு பக்கத்தை வளைஞ்ச குச்சியால தேய்க்கணும், மறுபக்கத்தை அடிக்கணும். தேய்க்கிற கைதான் கஷ்டம். அதை யாரும் எழுதிப் போட்டு விளக்கினதில்லை. சின்னப் பசங்க முதலில் உறுமியைத் தூக்கிக்கிட்டுப் போவாங்க, பிறகு தோலைத் தீயில் காய்ச்சிக் கொடுப்பாங்க. பெரியவர் அசந்த நேரம் குச்சியை எடுத்துத் தேய்ச்சுப் பார்ப்பாங்க. திருவிழாவில் அடிக்கிறவருக்குக் கை வலிச்சா, "டேய், நீ கொஞ்சம் பிடி"ன்னு கூப்பிடுவார். அன்னைக்கு அவன் மேளக்காரன்.

தோரணமும் அப்படித்தான். எங்க தோட்டத்தில் எனக்குத் தாத்தா முறை உள்ள ஒருத்தர் இருந்தார், பால்வெட்டுக்காரர். குருத்தோலையை வெட்டினதும் ஈரத்துணியில் சுத்தி வைக்கணும், இல்லைன்னா வதங்கிடும். ஈர்க்கை எங்க வரைக்கும் கிழிக்கணும், எங்க நிறுத்தணும்னு அவர் வாயால சொன்னதே இல்லை. தப்பாக் கிழிச்சா விரல் மேல ஒரு தட்டு. அவ்வளவுதான் பாடம்.

இது தானா நடந்த மாதிரி தெரியும். யோசிச்சுப் பார்த்தா மூணு விஷயம் சேர்ந்துதான் இதை நடத்தியிருக்கு. எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தாங்க. எல்லாருக்கும் ஒரே நேரம் ஓய்வு கிடைச்சது. ஊரிலிருந்து புது ஆட்கள் வந்துக்கிட்டே இருந்ததால, மறந்துபோன பாட்டை ஞாபகப்படுத்த ஒருத்தர் இருந்தார்.

இந்த மூணும் ஒண்ணொண்ணாப் போச்சு. 1938-ல் இந்திய அரசாங்கம் உதவிப் பயணத்தில் தோட்டத்துக்கு ஆள் அனுப்புறதை நிறுத்தியது, புது ஆள் வரவு நின்னது. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரர் பல தோட்டங்களைத் துண்டு போட்டு வித்தாங்க, லயங்கள் கலைஞ்சது. 1971-ல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் வந்த பிறகு, நம்ம பத்து பெரண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் தொழிற்சாலைகள் எழும்பின. நானும் அப்படி வந்தவன்தான். தொழிற்சாலை நமக்குச் சோறு போட்டது, குறை சொல்ல மாட்டேன். ஆனா ஷிப்ட் வேலையில் அப்பா ராத்திரி, பிள்ளை காலை, பக்கத்து வீட்டுக்காரர் மத்தியானம். எல்லாருக்கும் பொதுவான சாயங்காலம்னு ஒண்ணு இல்லாமப் போச்சு. ஆளுக்கொரு தாமானில் வீடு வாங்கிட்டோம்.

இலங்கை மலையகத்தைப் பாருங்க. அங்கேயும் நம்ம மாதிரிதான் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாங்க. அங்க பல தோட்டங்களில் லயம் இன்னும் இருக்கு. மாசி மாசம் காமன் கூத்தும் இன்னும் ஆடுறாங்க. வறுமையும் கஷ்டமும் அங்க அதிகம், ஆனா இடம் கலையல.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்ம மலாக்காச் செட்டிகளைப் பாருங்க. சுல்தான் காலத்திலேயே வந்து தங்கின வியாபாரிகளின் வம்சம். அவங்க முன்னோர் 1781-ல், டச்சுக்காரர் காலத்தில் கட்டினதுதான் ஜாலான் துக்காங் எமாஸில் இருக்கிற ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம். இன்னைக்கு அவங்க வீட்டில் பேசுறது மலாய் கலந்த மொழி. ஆனாலும் காஜா பெராங் கம்போங் செட்டியில் பொங்கலும் முன்னோர் படையலும் மாரியம்மன் திருவிழாவும் விடாம நடக்குது. மொழி போனாலும் இடம் இருந்ததால சடங்கு நின்னது. நமக்கு மொழி இருக்கு, இடம் போயிடுச்சு. அந்த இடத்தைத் திரும்ப உண்டாக்கத்தான் இன்னைக்கு வகுப்பு.

"கலையெல்லாம் ரத்தத்தில் வரணும், வகுப்பு வச்சா வருமா?"ன்னு சில பெரியவங்க கேட்கிறாங்க. ராஜராஜ சோழன் அப்படி நினைக்கல. 1010-ல் முடிச்ச தஞ்சைப் பெரிய கோயிலில், திருப்பதிகம் பாட 48 பேரையும், உடுக்கைக்கு ஒருத்தரையும், கொட்டிமத்தளத்துக்கு ஒருத்தரையும் நியமிச்சு, ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் கொடுத்தான். அது கல்வெட்டில் இருக்கு. ஒருத்தர் இறந்துட்டா அவர் சொந்தக்காரர் அந்த வேலையைச் செய்யணும், சொந்தத்தில் தகுதியான ஆள் இல்லைன்னா தகுதியுள்ள வேற ஆளைப் போடணும்னும் எழுதி வச்சிருக்கான். ரத்தத்தை மட்டும் நம்பல, தகுதியைப் பார்த்தான். தனக்குப் பிறகு பாட்டு நின்னுடக் கூடாதுன்னு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஏற்பாடு பண்ணியிருக்கான்.

நம்ம நாட்டிலும் முயற்சி உண்டு. 1965-ல் அமைஞ்ச மலேசிய இந்து சங்கம் திருமுறை ஓதும் விழா நடத்துது. அதனால எத்தனையோ கோயிலில் தேவார வகுப்பு நடக்குது. கோலாலம்பூரில் 1981-ல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கின நுண்கலைக் கோயில் நடனமும் சங்கீதமும் சொல்லிக் கொடுக்குது. எல்லாம் நல்லது.

ஆனா ஒண்ணு சொல்லணும். லயத்தில் கத்துக்கிட்டவன் திருவிழாவுக்காகக் கத்துக்கிட்டான். வகுப்பில் கத்துக்கிற பிள்ளை போட்டிக்கும் சான்றிதழுக்கும் கத்துக்கிட்டா, போட்டி முடிஞ்சதும் மறந்துடும். எங்க தொழிற்சாலையில் புது ஆள் வந்தா வேலைமுறைத் தாளைப் படிக்கக் கொடுப்போம். ஆனா பழைய ஆள் பக்கத்தில் நிறுத்தி, மெஷினில் கை வச்சாத்தான் அவன் தேறுவான். அதனால நம்ம பிள்ளைங்களுக்கு வகுப்போடு வேலையும் கொடுக்கணும். பூசையில் அவங்கதான் பாடணும், ஒலிபெருக்கியில் கேசட் ஓடக் கூடாது. வாசலில் அவங்க பின்னின தோரணம் தொங்கணும், கோணலா இருந்தாலும் பரவாயில்லை.

கடைசியா ஒரு விஷயம். எனக்குத் தோரணம் பழக்கின அந்தத் தாத்தா குருத்தோலையில் கிளி செய்வார். மூக்கு, வால் எல்லாம் ஒரே ஓலை, முடிச்சே கிடையாது. அம்மன் தேரில் நாலு மூலையிலும் தொங்கும். மீன், பூ, சங்கிலிப் பின்னல் எனக்கு வரும். கிளி வராது. கேட்டுக்கலாம், கேட்டுக்கலாம்னு இருந்தேன். ஓவர்டைம், பிள்ளைங்க படிப்பு, வீட்டுக் கடன்னு வருஷம் ஓடிடுச்சு. அவர் இறந்த அன்னைக்கும் நான் ராத்திரி ஷிப்ட். எங்க தேரில் இப்ப கிளி இல்லை.

அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். வகுப்பு இல்லாததால எனக்குப் பாதிதான் தெரியும் தம்பி.

பெற்றோர்களே, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போயிடாதீங்க, நீங்களும் உட்காருங்க. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தா கூட்டிட்டு வாங்க. கும்மிப் பாட்டோ, தாலாட்டோ, கோலமோ, பூக்கட்டோ, அவங்களுக்குத் தெரிஞ்சது எதுவானாலும் நமக்கு வேணும். ஓலைக்கிளி செய்யத் தெரிஞ்சவங்க யாராவது இதைப் படிச்சா தயவுசெய்து கோயிலுக்கு வாங்க. அந்தப் பையன் பக்கத்தில் நானும் மாணவனா உட்கார்றேன்.

எல்லாருக்கும் அம்மன் அருள் கிடைக்கட்டும். சிவசிவ.