நம் பேச்சுக்கு உரிமம் கேட்பவர்கள்: இணைய அழைப்பின் சிறு வரலாறு

கம்பித் தொலைபேசிக் காலத்தை நினைத்துப் பார்ப்போம். பல கிராமங்களில் தொலைபேசி ஊருக்குள்தான் இருந்தது: நிலக்காரர் வீட்டில், அஞ்சலகத்தில், பிறகு எஸ்.டி.டி. பூத்தில். சேரியில் ஒருவர் அடிபட்டால், வழக்கறிஞருக்கோ இயக்கத்துக்கோ சொல்ல அடித்தவர்களின் தெருவைக் கடந்து போகவேண்டும். பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்கவும் ஆள் இருக்கும். இன்று சேரிக்குள்ளிருந்தே ஒரு பெண் காணொளி அழைப்பில் எரிந்த கூரையை நமக்குக் காட்ட முடிகிறது. இணைய அழைப்பை அரசு எப்படி ஒழுங்குபடுத்தவேண்டும் என்ற விவாதம் நம்முடையதும் ஆவது இதனால்தான்.

இந்த விவாதத்தின் வேர் 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தில் இருக்கிறது. தந்தியை நடத்தும் தனியுரிமை அரசுக்கே என்றது அதன் 4ஆவது பிரிவு. ‘பொது அவசரநிலை’, ‘பொதுப் பாதுகாப்பு’ என்ற காரணங்களைச் சொல்லிச் செய்தியை நிறுத்தவும் இடைமறிக்கவும் 5ஆவது பிரிவு வழிவிட்டது. குடிமக்களுக்காக அல்ல, ஆளப்படும் குடியேற்ற மக்களுக்காக எழுதிய சட்டம் இது. சுதந்திரத்துக்குப் பின்னும் அது அப்படியே தொடர்ந்தது. ஒட்டுக்கேட்பதற்கு முறையான விதிகள் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி, தானே நெறிமுறைகளை வகுக்கவேண்டி வந்தது 1996இல்தான். பி.யு.சி.எல். தொடுத்த வழக்கு அது.

இணையம் பொதுமக்களுக்கு வந்தபோதும் அதே பிடி தொடர்ந்தது. 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை இணையத் தொலைபேசியை அப்போதைக்கு அனுமதிக்கவில்லை. வெளிநாட்டு அழைப்பு அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் ஏகபோகமாக இருந்தது. 2002 ஏப்ரல் 1 முதல் கணினியிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம் என்று கதவு திறந்தது. அப்போதும் கணினியிலிருந்து உள்நாட்டுத் தொலைபேசிக்குப் பேச அனுமதி இல்லை. ஆக, முதல் தடையில் பணமும் இருந்தது, கண்காணிப்பும் இருந்தது. இன்றுவரை இவை இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம், இணைய அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இத்தகைய செயலிகளுக்கு உரிமம் தேவையா என்று கேட்டு ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. அதே ஆண்டு ஜூலையில் தொலைத்தொடர்புத் துறையின் குழு ஒன்று, உள்நாட்டு இணைய அழைப்புகளைச் சாதாரணத் தொலைபேசி அழைப்புகளைப் போலவே ஒழுங்குபடுத்தலாம் என்றது. 2020 செப்டம்பரில் டிராய், தற்போதைக்குத் தலையிடத் தேவையில்லை என்றது. 2022இன் வரைவு மசோதா இந்தச் செயலிகளை மீண்டும் ‘தொலைத்தொடர்புச் சேவை’ என்ற வரையறைக்குள் இழுத்தது. 2023 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில் செயலிகளைக் குறிக்கும் அந்தச் சொற்கள் இல்லை. ஆனால் ‘செய்தி’, ‘தொலைத்தொடர்பு’ என்பவற்றுக்கான விளக்கங்கள் மிக அகலமானவை. நாளை யாரை வேண்டுமானாலும் உள்ளே இழுக்க அவற்றில் இடம் இருக்கிறது.

தொலைபேசி நிறுவனங்களின் வாதத்தை நாம் கேட்காமல் தள்ளவேண்டியதில்லை. “அலைக்கற்றைக்குக் கோடிகளைக் கொட்டுகிறோம், உரிமக் கட்டணம் கட்டுகிறோம். எங்கள் கம்பி மேல் ஓடும் செயலிகள் எதுவும் கட்டுவதில்லை. ஒரே சேவைக்கு ஒரே விதி வேண்டும்” என்கிறார்கள். செயலி நிறுவனங்களும் ஏழைகளின் நண்பர்கள் அல்ல. ஃபேஸ்புக் தன் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்தின் மூலம், தான் தேர்ந்தெடுத்த தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டி அதையே இணையம் என்று கொடுக்கப் பார்த்தது. 2016 பிப்ரவரியில் டிராய் பாரபட்சமான தரவுக் கட்டணங்களுக்குத் தடை போட்ட பிறகே அது நின்றது. ஒழுங்குமுறை மக்கள் பக்கம் நிற்கவும் முடியும் என்பதற்கு இது சான்று. பிரச்சினை விதி இருப்பதில் இல்லை. அந்த விதி நிறுவனத்தைக் கட்டுகிறதா, பேசுபவரின் வாயைக் கட்டுகிறதா என்பதில் இருக்கிறது.

வாயைக் கட்டும் விதியை நாம் பார்த்திருக்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த தீர்ப்பை எதிர்த்து 2018 ஏப்ரல் 2 அன்று தலித் அமைப்புகள் பாரத் பந்த் நடத்தியபோது, வட மாநிலங்கள் பலவற்றின் பகுதிகளில் மொபைல் இணையம் துண்டிக்கப்பட்டது. அடுத்த மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பாளர்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் இறந்தனர். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் முடக்கப்பட்டது. இணையத்தை மட்டும் நிறுத்தினால் மிஞ்சுவது சாதாரணத் தொலைபேசி அழைப்புதான். அதைத்தான் அரசு எளிதில் ஒட்டுக்கேட்க முடியும். எங்கே, யார், எவ்வளவு நேரம் பேசினார் என்ற பதிவும் அதில் கிடைத்துவிடும்.

இணைய அழைப்பிலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. 2019இல் பெகாசஸ் உளவு மென்பொருள் உள்ளே நுழைந்ததே வாட்ஸ்அப் அழைப்பு வழியாகத்தான். அழைப்பை எடுக்காவிட்டாலும் கருவி பாதிக்கப்பட்டது. உலகெங்கும் சுமார் 1,400 கருவிகள் குறிவைக்கப்பட்டதாக வாட்ஸ்அப் வழக்கு தொடர்ந்தது. இந்தியாவில் எச்சரிக்கை வந்தவர்களில் பீமா கோரேகான் வழக்கில் வாதாடிய வழக்கறிஞர்களும் தலித் உரிமைச் செயல்பாட்டாளர்களும் இருந்தனர். தனக்கும் எச்சரிக்கை வந்ததை ஆனந்த் டெல்டும்ப்டே வெளிப்படையாகவே சொன்னார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்து இரண்டே ஆண்டுகளில் நடந்தது இது.

2023 சட்டத்தின் 20ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற 1885இன் அதே சொற்கள் அங்கே இருக்கின்றன. செய்தியைப் புரியும் வடிவில் ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரமும் சேர்ந்திருக்கிறது. மறையாக்கத்தின் கழுத்தில் கை வைக்கும் சொற்கள் அவை.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் இதழ் தொடங்கியபோது அதற்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்தார். விலையே பெயரில் இருந்தது. நம் மக்கள் கையில் எட்டும் விலையில் பேச்சு இருக்கவேண்டும் என்பது நமக்குப் புதிய கோரிக்கை அல்ல. அதனுடன் இன்று இன்னும் மூன்றைச் சேர்க்கிறோம். இணையத்தை முடக்கும் ஒவ்வொரு ஆணையும் காரணத்துடன் வெளியிடப்படவேண்டும். 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுவே. ஒட்டுக்கேட்க அனுமதி தருவது அதிகாரியாக இல்லாமல் நீதிபதியாக இருக்கவேண்டும். மறையாக்கத்தை உடைக்கும் எந்த விதியும் கூடாது.

அடுத்த ஆலோசனை அறிக்கை வரும்போது நிறுவனங்களின் பதில் முதல் நாளே தயாராக இருக்கும். நம் பதிலும் இருக்கவேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், களத்தில் கண்டதை எழுதுங்கள். எரிந்த கூரையைக் காட்டிய அந்த அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நம்மைத் தவிர வேறு யாரும் எழுதப்போவதில்லை.