முகவரிப் பெயர்ப்பும் தீச்சுவரும்

நெருக்கடிக் காலத்திற் செய்யப்படும் தற்காலிக ஏற்பாடுகள் காலப்போக்கில் நிலைபேறடைதல் வரலாற்றிற் பலகாலும் காணப்படுவதாகும். அவ்வாறு நிலைத்தபின், அவை எதற்காகத் தோன்றின என்பது மறக்கப்பட்டு, அவற்றிற்கு இல்லாத குணங்களும் ஏற்றிக் கூறப்படும். கணினி வலையமைப்புகளின் குறுகிய வரலாற்றில் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாக விளங்குவது ‘நாட்’ எனச் சுருங்க வழங்கும் முகவரிப் பெயர்ப்பு முறையாகும். இன்று ஒரு கல்லூரியிலோ கந்தோரிலோ இணையத் தொடர்பு அமைக்கப்படுமிடத்து, வாயிலில் நிற்கும் தீச்சுவர்க் கருவியிலேயே இம்முறையும் பெரும்பாலும் சேர்த்து அமைக்கப்படுகின்றது. அதனால் இரண்டும் ஒன்றே என்றும், முகவரியை மாற்றுதலே காவல் என்றும் பலர் கருதுவர். இக்கருத்துப் பொருந்துமா என்பதை இரண்டின் தோற்றத்தையும் ஆராய்ந்தே துணிதல் வேண்டும்.

இணையத்தில் ஒரு கணினி மற்றொன்றோடு தொடர்பு கொள்வதற்கு ஓர் எண் முகவரி இன்றியமையாதது. இம்முகவரியின் அமைப்பை வரையறுத்தது, யோன் பொஸ்ரல் என்பாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1981 ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளிவந்த ஆர்.எவ்.சி. 791 என்னும் ஆவணமாகும். முகவரி 32 பிட் நீளமுடையதென அது விதித்தது. அந்நீளத்தினுள் அடங்கும் முகவரிகள் 4,294,967,296 மாத்திரமே. 1983 சனவரி 1 ஆம் திகதி அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்பு இம்முறைக்கு மாறியபொழுது இத்தொகை என்றும் குறையாததொன்றாகவே தோன்றிற்று.

பங்கீடும் அதற்கேற்பத் தாராளமாய் நடைபெற்றது. முகவரித் தொகுதிகள் ஏ, பி, சி என மூவகுப்பாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஏ வகுப்புத் தொகுதி ஒன்றில் 16,777,216 முகவரிகளும், பி வகுப்பில் 65,536 முகவரிகளும், சி வகுப்பில் 256 முகவரிகளும் அடங்கும். இரண்டாயிரம் கணினிகளையுடைய ஒரு நிறுவனத்திற்குச் சி வகுப்புப் போதாது. பி வகுப்போ மிகையாகும். கேட்டவர் பெரும்பாலும் மிகையானதையே பெற்றனர். முந்தி வந்த சில அமெரிக்க நிறுவனங்களுக்கு ஏ வகுப்புத் தொகுதிகள் முழுமையாகக் கிடைத்தன. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் அவற்றுள் ஒன்றாகும். 1990 களின் தொடக்கத்தில், பி வகுப்புத் தொகுதிகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதை அறிஞர் உணர்ந்தனர். 1993 இல் வகுப்புப் பிரிவை நீக்கி, வேண்டிய அளவிற்கேற்ப முகவரிகளைப் பங்கிடும் முறை வகுக்கப்பட்டது. அது விரயத்தைக் குறைத்ததேயன்றி முகவரித் தொகையைக் கூட்டவில்லை.

தீச்சுவரின் வரலாறு இதனின் வேறானது. ஒரு பகுதியிற் பற்றிய தீ அடுத்த பகுதிக்குத் தாவாவண்ணம் கட்டடங்களில் எழுப்பப்படும் சுவரின் பெயரே இக்கருவிக்கு ஆகிவந்தது. தொடக்க காலத்தில் வலையமைப்பைப் பயன்படுத்தியோர் ஒருவரையொருவர் பெரும்பாலும் நம்பியே வாழ்ந்தனர். 1988 நவம்பர் 2 ஆம் திகதி பரவத் தொடங்கிய மொறிஸ் புழு ஆயிரக்கணக்கான கணினிகளைத் தாக்கி அந்நம்பிக்கையைக் குலைத்தது. அக்காலந்தொட்டு, எப்பொதி உள்ளே புகலாம், எப்பொதி புகலாகாது என விதிகளால் வரையறுக்கும் பொதி வடிகட்டிகள் சிறப்புப் பெற்றன. பின்னர், உள்ளிருந்து சென்ற வினாவிற்கு விடையாக வரும் பொதி எது, அழையாது வரும் பொதி எது என்பதை நினைவில் வைத்துப் பகுத்தறியும் தீச்சுவர்கள் தோன்றின. இவற்றின் நோக்கம் காவலே. முகவரிப் பஞ்சத்தோடு இவற்றிற்கு யாதொரு தொடர்பும் இல்லை.

அப்பஞ்சத்திற்கு மாற்றாக 1994 இல் இரண்டு ஆவணங்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. மார்ச்சு மாதத்தில் வந்த ஆர்.எவ்.சி. 1597, எந்நிறுவனமும் பிறரைக் கேளாது தன்னுள்ளே பயன்படுத்தத்தக்க மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கியது. 10 இல் தொடங்குவன, 172.16 முதல் 172.31 வரையுள்ளன, 192.168 இல் தொடங்குவன என்பனவே அவை. 1996 பெப்புருவரியில் ஆர்.எவ்.சி. 1918 இவ்வொதுக்கீட்டை உறுதிசெய்தது. 1994 மே மாதத்தில், கியெல்ட் எகெவங், போல் பிரான்சிஸ் என்னும் இருவர் ஆர்.எவ்.சி. 1631 இல் முகவரிப் பெயர்ப்பு முறையை விளக்கினர். இதனைக் குறுங்காலத் தீர்வாகவே கருதியதையும், நெடுங்காலத் தீர்வு பெரிய முகவரிகளையுடைய புதிய நெறிமுறையே என்பதையும் அவர்கள் மறைத்தாரல்லர்.

இம்முறையின் இயக்கத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். உள்ளேயிருக்கும் ஒரு கணினியின் முகவரி 192.168.1.20 எனவும், வாயிற் கருவியின் வெளிமுகவரி 203.0.113.5 எனவும் கொள்வோம். அக்கணினி 51000 என்னும் துறையிலக்கத்திலிருந்து ஒரு பொதியை வெளியே விடுக்கின்றது. வாயிற் கருவி அனுப்புநர் முகவரியை 203.0.113.5 என மாற்றி, 40001 போன்ற வேறொரு துறையிலக்கத்தையும் இட்டு, இம்மாற்றத்தைத் தன் அட்டவணையிற் பதிந்துகொள்ளும். விடை 40001 க்கு வருமாயின், அட்டவணையைப் பார்த்து அதனை உரிய கணினிக்குச் சேர்ப்பிக்கும். துறையிலக்கம் 16 பிட் உடையதாதலின், ஒரே வெளிமுகவரியின் பின்னே பல்லாயிரம் தொடர்புகள் ஒருங்கே நிகழ்தல் கூடும். அட்டவணையில் இல்லாத பொதி வெளியிலிருந்து வருமாயின், அதனை யாரிடம் சேர்ப்பதென்று கருவிக்குத் தெரியாது. இத்தெரியாமையே பிற்காலத்திற் காவல் எனப் பெயர் பெற்றது.

இவ்விரு பணிகளும் ஒரே பெட்டியுள் இணைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1994 இல் அமெரிக்காவில் யோன் மேயெஸ் என்பவர் கருதிய திட்டத்தைப் பிரான்ட்லி கொயில் என்பவர் நிரலாக எழுதி உருவாக்கினார். கந்தோரொன்றின் பல உட்தொலைபேசிகள் சில வெளியிணைப்புகளைப் பகிர்ந்துகொள்ளுமாறு செய்யும் தொலைபேசிப் பரிமாற்றகம் போன்று, பல கணினிகள் சில முகவரிகளைப் பகிர்ந்துகொள்ளச் செய்தலே அவர்தம் குறிக்கோள். ‘பிக்ஸ்’ என்னும் அக்கருவியை ஆக்கிய நிறுவனத்தை 1995 இல் சிஸ்கோ நிறுவனம் விலைக்கு வாங்கியது. பஞ்சம் தீர்க்கப் பிறந்த பெட்டி, புகழ்பெற்ற தீச்சுவராக விற்பனையாயிற்று. அதன் பழைய பதிப்புகளில், பெயர்ப்பு விதி எழுதாது உட்புறத்துப் பொதி வெளியே செல்லவியலாது. பெயர்க்க வேண்டாமெனினும் அதற்கும் ஒரு விதி எழுதல் வேண்டும். 2005 இல் வந்த ஏழாம் பதிப்பிலேயே இக்கட்டாயம் தளர்ந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாக இக்கருவியிற் பயின்றோர் பெயர்ப்பையும் காவலையும் ஒன்றாக எண்ணப் பழகியதில் வியப்பில்லை.

இவ்வெண்ணத்தால் விளையும் தீங்கு கருவியை அமைக்குமிடத்து வெளிப்படும். உள்ளேயுள்ள ஒரு சேவைக் கணினியை வெளியார் அணுகவேண்டுமாயின், வெளிமுகவரியை அதற்கென நிலையாகப் பெயர்க்கும் விதியொன்று எழுதப்படும். எழுதியவுடன் மறைவு அகன்றுவிடும். அதன்பின் காப்பது அனுமதி விதியே. அவ்விதி எம்முகவரியைக் குறிப்பிட்டு எழுதப்படல் வேண்டும் என்பதிலும் கருவிகள் வேறுபடும். லினக்சின் ஐபிரேபிள்சில், சேருமிடத்து முகவரி முதலிற் பெயர்க்கப்பட்டுப் பின்னரே பொதி வடிகட்டப்படும். ஆதலின் அனுமதி விதியில் உள்முகவரி வருதல் வேண்டும். பிக்சின் வழித்தோன்றலான ஏ.எஸ்.ஏ. கருவியில், 2010 க்கு முன் வெளிமுகவரி எழுதப்பட்டது. அவ்வாண்டில் வந்த 8.3 ஆம் பதிப்பு முதல் உள்முகவரி எழுதல் வேண்டுமென முறை மாறியது. இவ்வேறுபாட்டை அறியாது விதி எழுதுவோன், திறக்க வேண்டியதை அடைத்தும், அதனைச் சரிசெய்யும் அவசரத்தில் அடைக்க வேண்டியதைத் திறந்தும் விடுவான்.

பெயர்ப்பு முறைக்கு எதிர்ப்பும் தொடக்கத்திலேயே எழுந்தது. 1994 யூலையில் வெளிவந்த ஆர்.எவ்.சி. 1627 தனிமுகவரிகளின் தீமைகளை எடுத்துக்காட்டியது. எக்கணினியும் எக்கணினியையும் நேரே அழைக்கலாம் என்னும் சமத்துவத்தின்மேலேயே இணையம் எழுந்தது. பெயர்ப்பின் பின்னே இருப்பவனோ அழைக்க வல்லனன்றி அழைக்கப்பட வல்லனல்லன். இணைய வழிப் பேச்சு முதலியவற்றிற்குச் சுற்றுவழிகள் தேடவேண்டியதாயிற்று. 2011 பெப்புருவரி 3 ஆம் திகதி உலகப் பொதுக் களஞ்சியத்தின் முகவரிகள் தீர்ந்தன. பிராந்தியக் களஞ்சியங்களுள், இலங்கையும் அடங்கிய ஆசிய பசுபிக் பிராந்தியத்தினதே முதலில், அவ்வாண்டு ஏப்பிரில் 15 ஆம் திகதி, தன் இறுதித் தொகுதியை எட்டியது. முந்தி வந்தோரின் நிலையோ வேறு: மேற்கூறிய மசாசூசெற்ஸ் நிறுவகம் 2017 இல் தன் பயன்படாத முகவரிகளுள் ஒரு பகுதியை விற்கத் தொடங்கியது. பிந்தி வந்தோருக்கு எஞ்சியது பெயர்ப்பின்மேற் பெயர்ப்பே. சேவை வழங்குநரே முழு ஊர்களையும் சில முகவரிகளின் பின்னே வைப்பதற்கென 2012 இல் வேறொரு தொகுதியும் ஒதுக்கப்பட்டது.

இதனால் நீதிக்கும் ஓர் இடர் நேர்ந்தது. ஒரே முகவரியைப் பலர் பகிருமிடத்து, குற்றம் செய்தவன் யார் என்பதை முகவரியை மாத்திரம் கொண்டு துணிதல் இயலாது. துறையிலக்கமும் நேரமும் துல்லியமாகப் பதியப்படாவிடின் குற்றமற்றவர்மேற் பழி சாரும். துறையிலக்கத்தையும் பதிவுசெய்தல் வேண்டுமென 2011 இல் ஆர்.எவ்.சி. 6302 அறிவுறுத்தியது இதனாலேயே.

எகெவங்கும் பிரான்சிசும் எதிர்நோக்கிய நெடுங்காலத் தீர்வு, 128 பிட் முகவரிகளையுடைய ஆறாம் பதிப்பு நெறிமுறையாக 1995 திசம்பரில் வெளிவந்தது. அதில் முகவரிப் பஞ்சம் இல்லை. ஆயினும் பெயர்ப்பு இன்றேற் காவலும் இல்லையே என்னும் அச்சம் பலரைத் தடுத்தது. 2007 இல் வந்த ஆர்.எவ்.சி. 4864 இவ்வச்சத்திற்கு விடை கூறியது. பெயர்ப்பினால் வருவதாகக் கருதப்படும் பாதுகாப்பு, தொடர்புகளை நினைவில் வைத்து வடிகட்டும் செயலினாலேயே வருகின்றது. அவ்வடிகட்டலைப் பெயர்ப்பின்றியும் செய்யலாம் என்பதே அதன் கருத்து.

மேற்கூறியவற்றால், முகவரிப் பெயர்ப்பு பங்கீட்டின் பொருட்டுப் பிறந்ததென்பதும், தீச்சுவர் காவலின் பொருட்டுப் பிறந்ததென்பதும், ஒரே பெட்டியில் வைக்கப்பட்டமையால் ஒன்றன் குணம் மற்றொன்றற்கு ஏற்றப்பட்டதென்பதும் போதரும். ஆகவே தீச்சுவரை அமைப்போர், முகவரி எவ்வாறு பெயர்க்கப்படல் வேண்டும் என்னும் வினாவையும், யார் உள்ளே வரலாம் என்னும் வினாவையும் வேறுவேறாகக் கேட்டு, வேறுவேறாகவே விடை எழுதுதல் வேண்டும். பெயரை மாற்றி வைத்திருப்பதனால் ஒருவன் வீட்டுக் கதவு தாழிடப்பட்டதாகிவிடாது.